அணைக்கக் கூடாத சுவிச்

எங்கள் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தார் ஆண்டு மலருக்குச் சில பக்கங்கள் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். "அண்ணை, சுவையான அனுபவமாய்ப் பார்த்து எழுதுங்கோ, சனம் வாசிச்சுச் சிரிக்கவேணும்" என்று செயலாளர்த் தம்பி வாசற் படலையில் நின்று சொல்லிவிட்டுப் போனார். சிரிக்க வைக்க வேறு ஆளைப் பார்த்திருக்கலாம். நான் வேலை செய்த காலம் முழுக்க என்னைச் சிடுமூஞ்சி என்றுதான் சொல்வார்கள், அதுவும் என் காதுபடவே. சிரிப்பு வராவிட்டால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

இப்போதெல்லாம் கராச்சுகளில் காபரேற்றர் பழுதென்றால் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பூட்டுகிறார்கள். அது பிழையென்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் காலத்தில் புதிது கிடைத்திருந்தால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். கிடைக்காதபடியால் ஒன்றையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தோம். அப்படி நான் அலுக்க அலுக்கத் திறந்து பார்த்த ஒரு காபரேற்றரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

நான் மாதகல் கடற்கரையில் பிறந்தவன். என்னைப் பெற்ற அப்பு கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டபிறகு மாமா என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியின் பட்டறையில் சேர்த்துவிட்டார். அங்கே கொஞ்சக் காலம் கார் கழுவினேன், கொஞ்சக் காலம் சாமான் எடுத்துக் கொடுத்தேன், பிறகு பூட்டக் கழற்றப் பழகினேன். அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா செத்த தந்தி கண்டு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. சண்டிலிப்பாய்ச் சந்தியில் சின்னையா முதலாளியின் கராச்சில் சேர்ந்துகொண்டேன். வேலை, சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேதான். சாமான் அறையில் கிடந்த ஒரு பழைய கார்ச் சீற்தான் என் கட்டில். எனக்குக் கலியாணம் பேச ஆள் இருக்கவில்லை, நானாகத் தேடிக்கொள்ளவும் தெரியவில்லை.

சின்னையா முதலாளி வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டுமாகத்தான் கராச்சுக்கு வருவார். எண்ணெய் படாமல் நிற்பதற்கென்று ஒரு பலகை போட்டு வைத்திருந்தார், அதைவிட்டு இறங்கமாட்டார். ஸ்பானரை அவர் கையால் தொட்டதை நான் கண்டதில்லை. ஆனால் ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். கச்சேரி கேட்கிறவர் மாதிரித் தலையை ஆட்டுவார். பிறகு, "விளங்குது, விளங்குது" என்பார். ஒன்றும் விளங்கியிராது. கார்க்காரர் அங்காலே போனதும் என்னிடம் மெதுவாக, "என்னவாயிருக்கும் கார்த்திகேசு?" என்று கேட்பார்.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. வேலைகாரர் எவரும் கார்க்காரரிடம் கேள்வி கேட்கக் கூடாது. "நீ கேட்டால் உனக்குத் தெரியாதெண்டு அவனுக்குத் தெரிஞ்சுபோடும். பரியாரியார் நாடியைப் பிடிக்கிறாரோ, வருத்தக்காரனிட்டை வியளம் கேக்கிறாரோ?" என்பார். கார் எங்கே நின்றது, எப்போது நின்றது, அதற்கு முன் என்ன செய்தார்கள் என்று ஒன்றும் கேட்க வழியில்லை. எல்லாவற்றையும் இரும்பிடமே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னால் அது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஒரு மனிதரோடும் கதைக்காமல் முழு நாளும் வேலை செய்த நாட்கள் உண்டு. பொழுதுபட வாயைத் திறந்தால் குரல் கரகரத்துக்கொண்டு வரும்.

பண்டத்தரிப்பில் நல்லதம்பி ஐயா என்று ஒரு பென்சனியர் இருந்தார். மலாயா ரெயில்வேயில் உழைத்து, மனைவியை அங்கேயே பறிகொடுத்து, ஒரே மகளோடு ஊருக்குத் திரும்பியவர். வரும்போது ஒரு கறுப்பு இங்கிலீசுக் காரையும் கொண்டுவந்தார். தானே ஓட்டுவார். அதைக் கொட்டிலில் விட்டுத் துணியால் மூடிவைத்திருப்பார்.

அந்தக் காருக்குக் கறண்டில் வேலை செய்கிற பெற்றோல் பம்ப். எஞ்சின் சுவிச்சைப் போட்டவுடன் டிக் டிக்கென்று அடித்து, பின்னாலுள்ள தாங்கியிலிருந்து பெற்றோலை இழுத்துக் காபரேற்றரின் கிண்ணத்துக்குள் தள்ளும். கிண்ணத்துக்குள் ஒரு மிதப்பு இருக்கிறது. பெற்றோல் ஏற ஏற மிதப்பும் ஏறி, ஒரு சிறிய ஊசியைத் தள்ளி வழியை அடைத்துவிடும். வழி அடைபட்டால் பம்ப் தானாக நின்றுவிடும். டிக் டிக் ஓய்ந்தால் எல்லாம் சரியென்று அர்த்தம். ஓயாவிட்டால், அல்லது ஓய்ந்தபிறகு தனியே இருந்து விட்டுவிட்டு அடித்தால், பெற்றோல் எங்கேயோ போகிறது. அது பொங்கி எஞ்சினுக்குள் இறங்கிவிட்டால் பிளக்குகள் நனைந்து கார் அசையாது. இதைத்தான் நாங்கள் ஓவபுளோ என்போம்.

நல்லதம்பி ஐயாவின் கார் ஓவபுளோவில் நின்றது என்று ஆள் வந்து சொல்ல, முதலாளி என்னைச் சைக்கிளில் அனுப்பினார். வீட்டுக்கு முன்னாலுள்ள ஒடுங்கிய ஒழுங்கையில் படலைக்கு வெளியே கார் நின்றது. ஐயா பட்டு வேட்டி சால்வையோடு வீட்டு விறாந்தையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். நான் பிளக்குகளைக் கழற்றினேன். எல்லாம் நனைந்து கறுத்திருந்தன. தள்ளிப்போய்ச் சிரட்டைத் தணலில் வாட்டிக் கொண்டுவந்து பூட்டினேன். பெற்றோலைக் கூட்டி விடுகிற சோக்கை உள்ளே தள்ளி, அக்சிலறேற்றரை முழுக்க மிதித்துக்கொண்டு அடிக்க, கார் புகை கக்கிப் பிடித்தது. "ஐயா, இனிப் போகலாம்" என்றேன். "இனி எங்கை போறது" என்று எழும்பி உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் காபரேற்றரைக் கழற்றினேன். மிதப்பைக் காதடியில் வைத்துக் குலுக்கினேன். ஓட்டை இருந்தால் உள்ளே பெற்றோல் சளசளக்கும். சத்தமில்லை. கொதிநீரில் அமிழ்த்திப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. ஊசியின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் உரசினேன். தேய்ந்த ஊசி என்றால் ஒரு வரம்பு தட்டுப்படும். தட்டுப்படவில்லை. ஊசியை விரலால் தாங்கிக்கொண்டு குழாயில் வாய் வைத்து ஊதினேன், காற்றுப் போகவில்லை. பம்பையும் பிரித்துத் துடைத்துப் பூட்டினேன். சுவிச்சைப் போட, டிக் டிக்கென்று அடித்து ஒழுங்காக நின்றது. ஒரு குறையும் இல்லாத கார்.

சில மாதத்தில் அது திரும்பவும் நின்றது. அதே ஒழுங்கை, அதே பட்டு வேட்டி, அதே நனைந்த பிளக்குகள். பிறகு இன்னொருமுறையும் நின்றது. நான் ஊசியை மாற்றினேன், மிதப்பின் உயரத்தைக் குறைத்தேன். முதலாளி ஒருநாள் தானே வந்து, பலகை இல்லாதபடியால் படிக்கட்டில் நின்று, "விளங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீடு வீடாய்ப் பார்த்த கார்களில் என்னை இப்படி அவமானப்படுத்திய கார் வேறில்லை. வேலை தெரியாதவன் என்ற பெயரை அது எனக்கு வாங்கித் தந்துவிடும் என்று பயந்தேன்.

பயப்பட வேண்டிய ஆள் நான் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஐயாவின் மகள் பரமேஸ்வரி. நான் கொட்டிலில் வேலை செய்யும்போது குசினி யன்னலடியில் இருந்து மரக்கறி வெட்டுவாள். ஐயா கோயிலுக்குப் போன நேரம் ஏதாவது கேட்பாள். மிதப்பு ஏன் மிதக்கிறது, ஊசி ஏன் பித்தளை, பம்ப் எப்படித் தானாக நிற்கிறது என்றெல்லாம் கேட்பாள். என் வேலையைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல்தடவை. நான் சொல்லத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டேயிருப்பேன், அவளும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். அந்த வீட்டில் ஐயாவும் வந்துபோகிறவர்களும் என்னை நீ என்பார்கள். நீங்கள் என்றது அவள் ஒருத்திதான். வேலை இல்லாத நாட்களிலும் அந்த வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பக் காரணம் தேடினேன் என்று இப்போது எழுதுவதில் வெட்கமில்லை. எனக்கு அவளில் விருப்பம் இருந்தது. அது எங்கேயும் போய்ச் சேராது என்றும் எனக்குத் தெரியும். நான் யார், அவர்கள் யார் என்பதை அந்த ஊரில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒருநாள் அவள் கேட்டாள்:

"அண்ணை, கோயிலுக்குப் போகேக்கை கார் ஒருநாளும் நிக்கேல்லை. பட்டினத்துக்குப் போகேக்கையும் நிக்கேல்லை. எனக்குக் கலியாணம் பேச வெளிக்கிட்டால் மட்டும்தான் நிக்குது. அது ஏனெண்டு நீங்கள் ஐயாவைக் கேக்கேல்லையோ?"

அந்த மூன்று தடவையும் கலியாணப் பேச்சுக்குப் புறப்பட்டதென்று எனக்கு யார் சொன்னது?

"முதலாளி கார்க்காரரிட்டைக் கேள்வி கேக்கக் கூடாதெண்டவர்" என்றேன்.

"அப்ப என்னைக் கேளுங்கோ."

கேட்டேன். அவள் மறைக்காமல் சொன்னாள். புறப்படும்போது கார் நின்றால் சகுனப் பிழை. ஐயா திரும்பி உள்ளே வந்துவிடுவார், அந்தப் பேச்சு அதோடு சரி. மூன்று சம்பந்தம் அப்படிப் போய்விட்டது. ஊரில் கதை வேறு கிளம்பிவிட்டது. அந்தப் பெட்டையின் ராசிக்குக் கார்கூட நகராது என்று கிணற்றடியிலே கதைக்கிறார்கள். இப்போது அரியாலையில் ஒரு இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை மலாயாவில் கிளறிக்கல் வேலை, லீவில் வந்து நிற்கிறார், லீவு முடியப்போகிறது.

"கோயில் திருவிழாவிலை அவரைப் பாத்தனான். அவரும் என்னைப் பாத்தவர்" என்றாள். கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "எனக்கு விருப்பம் அண்ணை. இந்தமுறையும் கார் நிண்டால் அவர் கப்பலேறிப் போடுவார். பிறகு எங்கடை வீட்டுப் படலையை ஒருத்தரும் திறக்கமாட்டினம்."

கையிலிருந்த ஊசியைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். பிறகு, மெக்கானிக் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அப்பிடியான நாளிலை ஐயா காரை என்ன செய்யிறவர்? ஒண்டுவிடாமல் சொல்லுங்கோ."

ஐயா பஞ்சாங்கம் பார்ப்பார். நல்ல நேரம் பெரும்பாலும் விடிந்ததும் வந்துவிடும். அந்த நேரம் போக அவசரமில்லை, மாப்பிள்ளை வீட்டில் விடியவே போய் நிற்கவும் முடியாது. அப்படியான வேளையில் எங்கள் ஆட்கள் செய்வது தெரிந்ததுதானே. நல்ல நேரத்தில் குடையையோ பெட்டியையோ வீட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு, பிறகு ஆறுதலாகப் புறப்படலாம். ஐயாவிடம் கார் இருந்தபடியால் அவர் காரையே வெளியே எடுத்து வைத்தார். தேங்காய் உடைத்து, ஸ்டார்ட் பண்ணி, படலைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டு, அவளுடைய பெரியப்பா வந்தபிறகு ஏறுவார்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். நான் அந்த நேரம் முன்னுக்கு வரக் கூடாது. அதாலை மிச்சம் எனக்குத் தெரியாது."

நல்ல நேரத்தில் வெளியே எடுத்து விடுவதால் மட்டும் பெற்றோல் பொங்காது. அந்த மிச்சத்தை நான் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் பயணம் வெளிக்கிடுகிற இடத்தில் மெக்கானிக் ஸ்பானரோடு நின்றால் அதைவிடச் சகுனப் பிழை வேறில்லை. அதற்கும் வழி சொன்னவள் அவள்தான். ஒழுங்கைக்கு மற்றப் பக்கம் கிடுகு வேலி, அதற்குப் பின்னால் புகையிலைத் தோட்டம். "அதுக்குள்ளை நில்லுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள்.

முதலாளியிடம் மாதகலில் ஒரு அலுவல் என்று சொல்லிவிட்டு, அரியாலைக்குப் புறப்படுகிற நாள் விடியற் பொழுதில் புகையிலைக்குள் குந்தியிருந்தேன். பனி விழுந்து இலையெல்லாம் ஈரம். வேலி இடுக்கால் படலை தெரிந்தது. தேங்காய் உடைபட்டது. கார் பிடித்து, படலையால் வெளியே வந்து, கிழக்கே பார்த்துத் திரும்பியது. அப்போது ஐயா ஒரு காரியம் செய்தார். சுவிச்சை அணைக்காமல் கியரிலேயே கிளச்சை விட்டார். கார் ஒரு உதறு உதறி நின்றது. ஐயா இறங்கி, ஸ்ரியறிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

ஏன் இப்படி எஞ்சினைக் கொல்லுகிறார் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒழுங்கை அமைதியானது. அந்த அமைதியில் கேட்டது. டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரும்பவும், டிக்.

வேலிப் பொட்டால் நுழைந்து ஓடினேன். சுவிச் போட்டபடியே இருந்தது. சோக்கும் இழுத்தபடி. ஓடாத எஞ்சினில் பம்ப் மட்டும் விழித்துக்கொண்டிருக்கிறது. எந்த நல்ல ஊசியும் சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் அவ்வளவு நேரம் பம்பின் அழுத்தத்தைத் தாங்காது. ஒரு துளி விடும், பம்ப் ஒருமுறை அடிக்கும், பிறகு இன்னொரு துளி. ஐயா குளித்துச் சாப்பிட்டு வருவதற்குள் எஞ்சின் நிறையப் பெற்றோல். கார் பிடிக்காது. அவர் மனமுடைந்து, சுவிச்சை அணைத்துவிட்டு உள்ளே போவார். பிறகுதான் என்னைக் கூப்பிட ஆள் வரும். நான் வந்து பார்க்கும்போது சுவிச் அணைந்திருக்கும், எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

சுவிச்சில் கை வைத்தேன்.

"தொடாதையுங்கோ!"

படலைக்குப் பின்னால் பரமேஸ்வரி நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"உந்தச் சுவிச்சைப் போட்டபடியே விட்டிருக்கிறாரோ? அப்ப அணைக்காதையுங்கோ அண்ணை. நல்ல நேரத்திலை போட்டது. அது விளக்கு ஏத்தின மாதிரி. அணைச்சதைக் கண்டாரெண்டால் இண்டைக்குப் போகவேமாட்டார்."

"நீங்களும் உதை நம்புறியளோ?"

"இண்டைக்கு எதையும் நம்பாமல் விட எனக்குத் துணிவில்லை."

அவள் கண்ணைப் பார்த்தேன். பிறகு பொனற்றைத் தூக்கி, பம்புக்குப் போகிற வயரைக் கழற்றினேன். சுவிச் சுவிச்சாகவே இருந்தது, டிக் மட்டும் நின்றது. சோக்கை உள்ளே தள்ளினேன். கிண்ணத்தை வடிய விட்டுத் துடைத்தேன். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றுதான் இலேசாக நனைந்திருந்தது. அதை என் சாரத்தில் துடைத்துப் பூட்டினேன். அவள் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்த வேலைகளில் ஒருவர் முழுக்கப் பார்த்திருக்கச் செய்த வேலை அது ஒன்றுதான்.

உள்ளே பெரியப்பாவின் செருமல் கேட்டது. அவள் ஓடினாள். நான் வயரைத் திரும்பப் பூட்ட வேண்டும், அந்தச் சின்ன நட் கைக்குள் அகப்படமாட்டேனென்று நிற்கிறது. செருப்புச் சத்தம் படலைக்குக் கிட்ட வந்துவிட்டது.

"ஐயா, நில்லுங்கோ! சால்வையை விட்டிட்டு வாறியள். நீங்கள் திரும்பாதையுங்கோ, நான் எடுத்துக்கொண்டு வாறன்."

அந்தச் சால்வையை ஒளித்து வைத்ததும் அவளாகத்தான் இருக்கவேண்டும். நட் ஏறியது, பம்ப் டிக் டிக்கென்று விரைவாக அடிக்கத் தொடங்கியது. பொனற்றைச் சத்தமில்லாமல் அமர்த்திவிட்டுப் புகையிலைக்குள் விழுந்தேன். முழங்கை உரிந்தது. வேலிக்கு அங்காலே கதவுகள் சாத்துப்பட்டன. டிக் டிக் ஓய்ந்தது. ஐயா முருகா என்றார். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது.

கார் ஒழுங்கையால் திரும்பி மறையும்வரை நான் எழும்பவில்லை. எழும்பியபோது அவள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கார் போட்டுது" என்றாள்.

"ஓம். போட்டுது."

அவள் சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். எனக்கும் சந்தோசமாக இருந்தது. அதோடு கவலையாகவும் இருந்தது. இரண்டும் உண்மை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று கொண்டுவந்து தந்தாள். எனக்கென்று கொட்டிலில் ஒரு தகரப்பேணி தனியே கொழுவியிருக்கும். அன்று தந்தது வீட்டுக்காரர் குடிக்கிற மூக்குப்பேணி. அதை நான் எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தேன்.

சம்பந்தம் சரிவந்தது. நான் ஐயாவிடம் போய், பம்புக்குத் தனியே ஒரு சின்னச் சுவிச் பூட்டலாம், பெற்றோல் மிச்சம் பிடிக்கும் என்று சொன்னேன். "பெரிய சுவிச் உங்கடைபாட்டிலை இருக்கட்டும் ஐயா. இறங்கேக்கை இதை மட்டும் நிப்பாட்டுங்கோ. இது நாளுக்குச் சம்பந்தமில்லாதது." அவர் யோசித்து, அந்தச் சின்னச் சுவிச் பூட்டுவதற்கும் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் பார்த்துச் சொன்னார். அதன்பிறகு அந்தக் கார் ஒருநாளும் நிற்கவில்லை. அதாவது, அந்த வீட்டுக்கு நான் போக இருந்த ஒரே காரணத்தையும் என் கையாலேயே சரிக்கட்டிவிட்டேன். முதலாளி ஊரெல்லாம், "எனக்கு அண்டைக்கே விளங்கினது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கலியாணம் முடிந்து அவர்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது, எங்களுக்கு அது பத்திரிகையில் வந்த யுத்தம். பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்துக்கொண்டான். அதோடு அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் அதே கதைதான், இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெற்றோல் பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்தது. ஐயா காரைப் பனங்குற்றிகளில் தூக்கி வைத்துவிட்டார். எஞ்சின் இறுகிப் போகாமல் ஹாண்டிலால் சுற்றிவிட வேண்டும் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போகத் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். ஐயா கொட்டில் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருப்பார். நான் சுற்றுவேன். குசினி யன்னல் பூட்டிக் கிடக்கும். ஒருநாள் அவர் காரைப் பார்த்தபடி சொன்னார்:

"மூண்டுமுறை நிண்டது. கடவுள் மறிச்சிருக்கிறார், எனக்கு விளங்கேல்லை. அண்டைக்கும் உது நிண்டிருக்கலாம் கார்த்திகேசு."

நான் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றேன். அன்றைக்கு நிற்க விடாமல் பண்ணிய நான் அவருக்கு முன்னால்தான் நின்றேன். "ஓம் ஐயா" என்றேன். அதன்பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் அதைச் சொன்னார். நான் ஓம் ஐயா என்றுதான் சொன்னேன். திரும்பிச் சைக்கிளில் வரும்போது என்னையே திட்டிக்கொண்டு வருவேன். அந்த வயரைத் தொடாமல் விட்டிருந்தால் அவள் இப்போது குசினியில் இருந்திருப்பாள், உயிரோடு. அந்த நினைப்பைச் சொல்லி ஆற எனக்கு உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

யுத்தம் முடிந்து கன நாளுக்குப் பிறகு தந்தி வந்தது. அவள் வருகிறாள். தனியே வருகிறாள். புருசனை யப்பான்காரர் சயாமுக்கு ரெயில் பாதை போடக் கொண்டுபோனார்களாம், திரும்பவில்லை.

காரை இறக்கினேன். கிண்ணத்துக்குள் பழைய பெற்றோல் காய்ந்து பிசினாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டிக் கழுவி, பம்பைத் தட்டி எழுப்பினேன். ஐயாவால் இப்போது ஓட்ட முடியாதபடியால் நானே யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு ஓட்டினேன். ரெயிலால் இறங்கியவளை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவுக்கு மெலிந்திருந்தாள். ஐயா அவளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். இரண்டு பேரையும் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

பட்டினம் கடந்து, வெளிக்காற்று வரத் தொடங்கியபோது ஐயா சொன்னார்:

"அண்டைக்கும் இந்தக் கார் நிண்டிருந்தால் உனக்கு இந்தக் கதி வந்திராது பிள்ளை."

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ ஐயா" என்றாள் அவள். "அவரோடை இருந்தது கொஞ்சக் காலம்தான். அந்தக் கொஞ்சக் காலமும் இல்லாமல் நான் இஞ்சை யன்னலுக்குள்ளை இருந்து கிழவியாய்ப் போயிருப்பன். எனக்கு அது போதும்."

அவள் முன்பக்கம் குனிவது கண்ணாடியில் தெரிந்தது. சீற்றின் மேல் விளிம்பில், என் தோளுக்குப் பக்கத்தில், கையை வைத்தாள்.

"நீங்கள் செய்தது சரி அண்ணை. அங்கை ஒவ்வொரு நாளும் உங்களை நினைச்சனான்."

"அவன் என்ன செய்தவன்?" என்று ஐயா கேட்டார்.

அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கண் மறைத்தது, ரோட்டு சரியாகத் தெரியவில்லை. காரை மெதுவாக ஓட்டினேன். பண்டத்தரிப்பு வரும்வரை ஐயா இரண்டு மூன்று தடவை அதையே கேட்டார், நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். என் வாழ்நாளில் இன்னொரு மனிதரோடு சேர்ந்து நான் வைத்திருந்தது அந்த இரகசியம் ஒன்றுதான்.